மூக்கை நம்ப முடியாத வாயு
எண்ணெய், எரிவாயுக் கிணறுகளிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடை எப்படி அகற்றுகிறார்கள்?

2003-ஆம் ஆண்டு டிசம்பர் 23. சீனாவின் சோங்சிங் பகுதியில் உள்ள காய் மாவட்டம். மலைகளுக்கு நடுவே காவ்சியாவ் என்ற சிற்றூர். குளிர்கால இரவு, மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரில் பெரும்பாலோர் உறங்கப் போய்விட்டனர். ஊருக்கு அருகில் 'லுவோஜியா 16எச்' என்ற எரிவாயுக் கிணற்றில் மட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. துளைக்குழாய்களை வெளியே இழுத்துக்கொண்டிருந்தபோது, அடியிலிருந்த வாயு கட்டுப்பாட்டை மீறிப் பீறிட்டு வெளியேறியது.

அது வெறும் எரிவாயுவாக இருந்திருந்தால் பாதிப்பு கிணற்றடியோடு நின்றிருக்கலாம். ஆனால், அந்த வாயுவில் சுமார் 10 விழுக்காடு ஹைட்ரஜன் சல்பைடு கலந்திருந்தது. காற்றைவிடக் கனமான அந்த நச்சு வாயு, மலைச்சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்கில் இருந்த வீடுகளுக்குள் புகுந்தது. படுக்கையிலேயே இறந்தவர்கள் உண்டு. தப்பியோடும் வழியில் விழுந்தவர்களும் உண்டு. மறுநாள் மாலை நான்கு மணியளவில்தான் பீறிட்ட வாயுவுக்குத் தீ வைக்கப்பட்டது. கிணறு முழுமையாக அடைக்கப்பட்டது டிசம்பர் 27-ஆம் தேதி. அதற்குள் 243 பேர் உயிரிழந்திருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் எண்ணெய்த் துறைக்குச் சம்பந்தமே இல்லாத கிராம மக்கள். 60,000-க்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர்.

மாணவர்களே, நம் வீட்டு அடுப்பில் எரியும் வாயு, பேருந்தை ஓட்டும் டீசல், கையில் இருக்கும் பிளாஸ்டிக் பேனா ஆகியவை எல்லாம் பூமிக்கு அடியிலிருந்து வரும் எண்ணெய், எரிவாயுவிலிருந்து கிடைப்பவை. அவற்றோடு சேர்ந்து மேலே வரும் இந்த நச்சு வாயுவை யார், எங்கே, எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள்? வேதியியல் பாடத்தில் படிக்கும் அமிலமும் காரமும், வினையூக்கியும், சமநிலையும் இங்கே மனித உயிரைக் காக்கும் கருவிகளாக வேலை செய்கின்றன.

முகர்ந்து பார்க்கக் கூடாதது ஏன்?

ஹைட்ரஜன் சல்பைடு மிக எளிய மூலக்கூறு. நீரில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் இருப்பது நமக்குத் தெரியும். அந்த ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கந்தகத்தை வைத்தால் ஹைட்ரஜன் சல்பைடு. நிறம் கிடையாது. அழுகிய முட்டை நாற்றம் உண்டு. எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்வோர் இதனை 'எச்டூஎஸ்' என்றே அழைப்பார்கள்.

நாற்றம் இருந்தால் நல்லதுதானே, முன்கூட்டியே தெரிந்துவிடுமே என்று தோன்றலாம். சமையல் வாயுக் கலனில் கசிவு ஏற்பட்டால் நாம் நாற்றத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். அதற்காகவே அந்த வாயுவில் நாற்றமுள்ள பொருளைக் கலக்கிறார்கள். ஆனால் எச்டூஎஸ் விஷயத்தில் இந்தப் பழக்கம் உயிருக்கே உலை வைக்கும். காற்றில் பத்து லட்சம் பங்குக்கு எத்தனை பங்கு என்று கணக்கிடும் 'பிபிஎம்' அளவில் இதைப் பாருங்கள்:

● 1 பிபிஎம் அல்லது அதற்கும் குறைவு: நாற்றம் தெரியத் தொடங்கும்.
● 100 பிபிஎம்: இருமல், கண் எரிச்சல். 2 முதல் 15 நிமிடங்களில் மூக்கு முகரும் திறனை இழந்துவிடும்.
● 500 முதல் 700 பிபிஎம்: தள்ளாட்டம், 5 நிமிடங்களில் மயக்கம். அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் மரணம்.
● 700 முதல் 1,000 பிபிஎம்: ஓரிரு மூச்சிலேயே மயங்கி விழுதல். சில நிமிடங்களில் மரணம்.

இரண்டாவது வரியை மீண்டும் ஒருமுறை படியுங்கள். வாயு அதிகரிக்க அதிகரிக்க நாற்றமும் அதிகரிக்கும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். இங்கே நேர்மாறாக, ஆபத்தான அளவை எட்டும்போது மூக்கு மரத்துப் போகிறது. "நாற்றம் போய்விட்டது, வாயு கலைந்துவிட்டது" என்று நினைத்து உள்ளே நடப்பவர் திரும்பி வருவதில்லை.

உடலுக்குள் என்ன நடக்கிறது? நம் செல்களில் ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றலை உண்டாக்கும் இடம் மைட்டோகாண்டிரியா. அங்கே 'சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ்' என்ற நொதி கடைசிப் படியில் வேலை செய்கிறது. எச்டூஎஸ் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. சயனைடு தாக்குவதும் இதே நொதியைத்தான். இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்களால் அதைப் பயன்படுத்த முடியாமல் போகிறது.

ஒரு சிறிய கணக்கு. 9 மீட்டர் நீளம், 7.5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்ட வகுப்பறையின் கொள்ளளவு சுமார் 200 கனமீட்டர். அதில் 1,000 பிபிஎம் என்றால் 200 லிட்டர் வாயு. அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயு 24 லிட்டர் என்று வைத்தால், அது ஏறத்தாழ 8.3 மோல். எச்டூஎஸ் ஒரு மோலின் நிறை 34 கிராம். ஆக, மொத்தம் 300 கிராமுக்கும் குறைவு. நான்கைந்து முட்டைகளின் எடைதான். அது ஒரு வகுப்பறையை மரண அறையாக்கப் போதும்.

பூமிக்கு அடியில் இது எப்படி உருவாகிறது?

எண்ணெயும் எரிவாயுவும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைந்த உயிரினங்களின் மிச்சம். உயிரினங்களின் உடலில் கந்தகம் இருந்ததால், அந்த மிச்சத்திலும் கொஞ்சம் கந்தகம் இருக்கும். மிக ஆழத்தில், 100 பாகை செல்சியசைத் தாண்டும் வெப்பத்தில், பாறையில் உள்ள சல்பேட்டும் எரிவாயுவும் வினைபுரிந்து எச்டூஎஸ் பெருமளவில் உண்டாகலாம். காவ்சியாவ் பகுதியில் இருப்பதைப் போன்ற ஆழமான சுண்ணாம்புப் பாறைப் படுகைகளில் இது அதிகம்.

வெப்பம் குறைவான படுகைகளில் வேறொரு கூட்டம் இந்த வேலையைச் செய்கிறது. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் சில பாக்டீரியாக்கள் சல்பேட்டைச் 'சுவாசித்து' எச்டூஎஸை வெளியிடுகின்றன. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. கடலுக்கு நடுவே உள்ள எண்ணெய் வயல்களில், அழுத்தம் குறையாமல் இருக்கக் கடல் நீரையே படுகைக்குள் செலுத்துவது வழக்கம். இப்படிச் செலுத்தப்படும் நீர் பாக்டீரியாக்களுக்கு விருந்தாகிவிடுகிறது. தொடக்கத்தில் நச்சு வாயு இல்லாத வயலிலும் சில ஆண்டுகளுக்குப் பின் அது தலைகாட்டுவதற்கு இதுவே காரணம்.

எச்டூஎஸ் கலந்த வாயுவை எண்ணெய்த் துறையினர் 'சவர் கேஸ்', அதாவது புளிப்பு வாயு, என்பார்கள். அது நீங்கிய வாயு 'ஸ்வீட் கேஸ்'. ஆகவே எச்டூஎஸை அகற்றும் வேலைக்கு 'ஸ்வீட்டனிங்', இனிப்பாக்குதல், என்று பெயர். பெயரில் மட்டும்தான் இனிப்பு.

முதல் தடுப்பு: கிணற்றுக்குள்ளேயே

கிணறு தோண்டும்போது துளைக்குள் ஒருவகைக் குழம்பைச் சுழற்சியாகச் செலுத்துவார்கள். களிமண், நீர், பாரைட் போன்ற கனமான தாதுப்பொடி கலந்த இந்தக் குழம்புக்குத் தொழில் வழக்கில் 'மட்' என்று பெயர். நாம் சேறு என்று சொல்லலாம். துளைக்கும் முனையைக் குளிர்விப்பது, உடைந்த பாறைத் துகள்களை மேலே கொண்டுவருவது ஆகியவற்றுடன் இதற்கு இன்னொரு பெரிய பொறுப்பும் உண்டு. கிணறு முழுக்க நிற்கும் இந்தச் சேற்றின் எடைதான் அடியிலிருக்கும் வாயுவை மேலே வரவிடாமல் அழுத்திப் பிடிக்கிறது.

காவ்சியாவில் தவறு நடந்த இடம் இதுதான். குழாயை வெளியே இழுக்கும்போது, குழாய் அடைத்திருந்த இடம் காலியாகும். அந்த இடத்தை உடனுக்குடன் சேற்றால் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் சேற்றின் மட்டம் இறங்கும், அழுத்தம் குறையும், வாயு நுழையும். அங்கே குழாயை இழுப்பதற்கு முன் சேற்றைப் போதிய நேரம் சுழற்றவில்லை, இழுக்கும்போது முறையாக நிரப்பவில்லை, வாயு குழாய் வழியே ஏறாமல் தடுக்கும் வால்வு அதற்கு முன்பே கழற்றப்பட்டிருந்தது என்று விசாரணை கண்டறிந்தது. பீறிட்ட வாயுவுக்கு உடனே தீ வைத்திருந்தால் இறப்பு குறைந்திருக்கும் என்பதும் அதன் முடிவு.

தீ வைப்பதா என்று நீங்கள் கேட்கலாம். எச்டூஎஸ் எரிந்தால் கந்தக டைஆக்சைடாக மாறும். அதுவும் தீங்கான வாயுதான். ஆனால் எச்டூஎஸைப் போல் ஓரிரு மூச்சில் ஆளை வீழ்த்தாது. தீயின் சூட்டில் மேலெழுந்து கலைந்தும் போகும். இரண்டு தீமைகளில் சிறியதைத் தேர்ந்தெடுக்கும் முடிவு அது. அந்த முடிவுக்கு 18 மணி நேரம் ஆனது. அடுத்த ஆண்டு, அந்தத் துளையிடும் பணியோடு தொடர்புடைய ஆறு பேருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

சேற்றின் எடை சரியாக இருந்தாலும் சிறிதளவு எச்டூஎஸ் அதில் கரைந்து மேலே வரலாம். அதற்கு வேதியியல் தடுப்பு இருக்கிறது. எச்டூஎஸ் ஒரு வலுக்குறைந்த அமிலம். சேற்றில் எரிசோடா அல்லது சுண்ணாம்பு சேர்த்து அதன் பிஎச் அளவை 10-க்கு மேல் வைத்தால், வாயு சல்பைடு அயனிகளாக மாறிச் சேற்றிலேயே தங்கிவிடும். ஆனால் இது தற்காலிகச் சிறைதான். பிஎச் இறங்கினால் வாயு மீண்டும் விடுதலையாகிவிடும். ஆகவே துத்தநாகச் சேர்மங்களையோ இரும்பு ஆக்சைடுப் பொடியையோ கூடவே கலப்பார்கள். இவை கந்தகத்தைப் பிடித்துத் துத்தநாகச் சல்பைடாகவோ இரும்புச் சல்பைடாகவோ ஆக்கிவிடும். கரையாத திண்மமாக மாறியபின் அது எளிதில் வாயுவாகத் திரும்புவதில்லை.

இரண்டாம் தடுப்பு: குழாய்க்குள்

கிணறு தோண்டி முடிந்து உற்பத்தி தொடங்கியபின் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. எச்டூஎஸ் எஃகையும் உடைக்கும். ஈரம் இருக்கும் இடத்தில் அது இரும்பை அரிக்கும்போது ஹைட்ரஜன் அணுக்கள் உண்டாகின்றன. மிகச் சிறிய அந்த அணுக்கள் எஃகின் உள்ளே நுழைந்து அதை நொறுங்கும் தன்மைக்கு மாற்றுகின்றன. வெளியே பார்த்தால் குழாய் நன்றாகத்தான் இருக்கும். பின்னர் ஒருநாள், எச்சரிக்கையே இல்லாமல் விரிசல் விடும்.

இந்தப் பாடத்தை உலகம் கற்றுக்கொண்ட முக்கியமான இடங்களுள் ஒன்று, பிரான்சின் தென்மேற்கில் உள்ள லாக். 1951 டிசம்பரில் அங்கே ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் மாபெரும் எரிவாயுப் படுகை கண்டுபிடிக்கப்பட்டது. போருக்குப்பின் எரிபொருள் பற்றாக்குறையில் தவித்த நாட்டுக்கு அது புதையல்தான். ஆனால் அந்த வாயுவில் சுமார் 15 விழுக்காடு எச்டூஎஸ். சாதாரண எஃகுக் குழாய்கள் அதன் முன் நிற்கவில்லை, முறிந்துபோயின. அதைத் தாங்கும் எஃகை உருவாக்கிய பிறகே உற்பத்தியைப் பற்றி யோசிக்க முடிந்தது. 1957-இல்தான் லாக் வாயு வணிக முறையில் வெளிவந்தது. அந்த வயல் 2013 வரை பிரான்சுக்கு வாயு கொடுத்தது.

பின்னாளில் இதற்கான விதிகளே எழுதப்பட்டன. புளிப்பு வாயு செல்லும் இடத்தில் எந்த எஃகைப் பயன்படுத்தலாம், அது எவ்வளவு கடினமாக இருக்கலாம் என்று சொல்லும் 'நேஸ் எம்ஆர்0175' தரநிலை 1975-இல் வெளிவந்தது. எஃகு கடினமாக இருந்தால் நல்லது என்றுதான் நாம் நினைப்போம். எச்டூஎஸ் முன்னிலையில் மிகக் கடினமான எஃகுதான் முதலில் விரிசல் விடுகிறது.

விதிகள் வந்த பிறகும் சறுக்கல்கள் நின்றுவிடவில்லை. கசக்ஸ்தானில், காஸ்பியன் கடலின் வடபகுதியில் உள்ள கசகான் எண்ணெய் வயல் 2013 செப்டம்பரில் உற்பத்தியைத் தொடங்கியது. சில வாரங்களிலேயே குழாய்களில் கசிவு கண்டு உற்பத்தி நிறுத்தப்பட்டது. எச்டூஎஸ் உண்டாக்கிய விரிசல்களே காரணம். எண்ணெய்க் குழாய், வாயுக் குழாய் இரண்டையும் முழுமையாக மாற்றிய பின், 2016 அக்டோபரில்தான் எண்ணெய் மீண்டும் ஓடத் தொடங்கியது.

எச்டூஎஸ் மிகக் குறைவாக வரும் கிணறுகளில் வேறு வழி உண்டு. 'டிரையசின்' என்ற திரவ வேதிப்பொருளைக் குழாய்க்குள்ளேயே சொட்டுச் சொட்டாகச் செலுத்துவார்கள். அது வழியிலேயே எச்டூஎஸைப் பிடித்து நீரில் கரையும் வேறொரு பொருளாக மாற்றிவிடும். இன்னொரு பழைய முறை 'அயர்ன் ஸ்பாஞ்ச்'. மரச்சீவல்களில் இரும்பு ஆக்சைடைப் பூசித் தொட்டியில் நிரப்பி, அதன் ஊடே வாயுவைச் செலுத்துவது. நிலக்கரியிலிருந்து தெருவிளக்குக்கு வாயு தயாரித்த 19-ஆம் நூற்றாண்டிலேயே இரும்பு ஆக்சைடு இப்படிப் பயன்பட்டது. கவனம் வேண்டியது அதைக் காலி செய்யும்போதுதான். பிடிபட்ட இரும்புச் சல்பைடு காற்றுப் பட்டதும் தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. ஆகவே நீர் தெளித்து, ஈரமாக வைத்தே வெளியே எடுப்பார்கள்.

இந்த முறைகளில் பயன்படுத்திய வேதிப்பொருள் தீர்ந்துகொண்டே போகும். நாளொன்றுக்குச் சில பத்துக் கிலோ கந்தகம் என்றால் கட்டுப்படியாகும். பல டன் என்றால் ஆகாது. அங்கேதான் மூன்றாவது தடுப்பு தேவைப்படுகிறது.

மூன்றாம் தடுப்பு: ஆலையில்

பெரிய எரிவாயு ஆலைகளிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் உயரமான இரட்டைக் கோபுரங்களைக் காணலாம். அவற்றில் ஒரு சோடி அமீன் பிரிவாக இருக்கும். அமெரிக்க வேதியியலாளர் ராபர்ட் பாட்டம்ஸ் 1930-இல் காப்புரிமை பெற்ற முறை இது. அடிப்படை இன்றும் மாறவில்லை.

அமீன் ஒரு வலுக்குறைந்த காரம். அதன் நீர்க்கரைசலை முதல் கோபுரத்தின் உச்சியிலிருந்து கீழே வழியவிடுவார்கள். புளிப்பு வாயு அடியிலிருந்து மேலே ஏறும். இரண்டும் எதிரெதிராகச் சந்திக்கும்போது, அமிலத்தன்மையுள்ள எச்டூஎஸ் காரத்தோடு சேர்ந்து கரைசலுக்குள் போய்விடும். உச்சி வழியாகச் சுத்தமான வாயு வெளியேறும். அமெரிக்கக் குழாய்வழிகளில் வழக்கமாக ஏற்கப்படும் எல்லை சுமார் 4 பிபிஎம்தான் என்றால், இந்தச் சுத்தம் எவ்வளவு கண்டிப்பானது என்று பாருங்கள்.

எச்டூஎஸைச் சுமந்த கரைசல் இரண்டாம் கோபுரத்துக்குப் போகிறது. அங்கே அதனைச் சுமார் 120 பாகை செல்சியசுக்குச் சூடாக்குவார்கள். வலுக்குறைந்த அமிலமும் வலுக்குறைந்த காரமும் சேர்ந்த பிணைப்பு என்பதால், சூட்டில் எளிதாகப் பிரிந்துவிடும். எச்டூஎஸ் வாயுவாக வெளியேற, அமீன் புதியதுபோல் முதல் கோபுரத்துக்குத் திரும்பும். குளிரில் பிடி, சூட்டில் விடு. இதே கரைசல் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். வலுவான காரமான எரிசோடாவை ஏன் இங்கே பயன்படுத்துவதில்லை என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. அது பிடித்தால் விடாது.

இப்போது நம் கையில் சுத்தமான எரிவாயு ஒருபுறம், அடர்த்தியான எச்டூஎஸ் மறுபுறம். நச்சை ஓரிடத்தில் திரட்டியிருக்கிறோமே தவிர, ஒழிக்கவில்லை. எரித்து வானில் விட்டால் கந்தக டைஆக்சைடு அமில மழையாகத் திரும்பி வரும். ஒரு கிணற்றில் அவசரத்துக்குத் தீ வைப்பது வேறு. ஆண்டு முழுக்க எரிப்பது வேறு.

இதற்கு வழி காட்டியவர் கார்ல் பிரீட்ரிச் கிளவுஸ். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய இந்த வேதியியலாளர் 1883-இல் காப்புரிமை பெற்றார். இன்று பயன்படும் மேம்பட்ட வடிவத்தில் அது இப்படி நடக்கிறது. முதலில் எச்டூஎஸில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் உலையில் எரித்துக் கந்தக டைஆக்சைடாக மாற்றுகிறார்கள். எரியாத இரண்டு பங்கும் எரிந்த ஒரு பங்கும் ஒன்றோடொன்று வினைபுரிகின்றன. கிடைப்பது கந்தகமும் நீரும். இரண்டு நச்சு வாயுக்கள் சேர்ந்து தீங்கற்ற இரண்டு பொருள்களைத் தருகின்றன. சமன்பாட்டை நீங்களே எழுதிப் பாருங்கள்: இரண்டு மூலக்கூறு ஹைட்ரஜன் சல்பைடு, ஒரு மூலக்கூறு கந்தக டைஆக்சைடு, விளைவது மூன்று கந்தக அணுக்கள், இரண்டு மூலக்கூறு நீர். ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும் ஒரே வினையில் நடப்பதைக் காண்பீர்கள்.

இந்த வினை வெப்பத்தை வெளியிடுவது, இருதிசை வினையும்கூட. லீ சாட்லியே தத்துவம் படித்தவர்களுக்கு அடுத்த படி புரியும். வெப்பநிலை கூடினால் வினை பின்னோக்கிச் சாயும். வெப்பநிலை குறைந்தால் வேகம் குறையும். ஆகவே பொறியாளர்கள் வினையை ஒரே தொட்டியில் முடிப்பதில்லை. அலுமினா வினையூக்கி நிரம்பிய இரண்டு அல்லது மூன்று தொட்டிகளை வரிசையாக வைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு வாயுவைக் குளிர்வித்து, உண்டான கந்தகத்தைத் திரவமாக வெளியே எடுத்துவிடுகிறார்கள். விளைபொருளை எடுக்க எடுக்கச் சமநிலை முன்னோக்கி நகர்கிறது. தேர்வுத்தாளில் நாம் வரையும் அம்புக்குறிகள், இங்கே கோபுரங்களாகவும் குழாய்களாகவும் நிற்கின்றன.

இவ்வாறு 95 முதல் 98 விழுக்காடு வரை கந்தகம் மீட்கப்படுகிறது. மிச்ச வாயுவுக்கு இன்னொரு சுத்திகரிப்புப் பிரிவைச் சேர்த்தால் மீட்பு 99.8 விழுக்காட்டையும் தாண்டும்.

சில இடங்களில் கந்தகமாக்காமல் எச்டூஎஸை மீண்டும் பூமிக்கு அடியிலேயே செலுத்திவிடுவதும் உண்டு. கசகானில் வெளிவரும் புளிப்பு வாயுவின் ஒரு பகுதி இப்படித்தான் திரும்பப் போகிறது. அது படுகையின் அழுத்தத்தைக் காத்து எண்ணெயை மேலே தள்ளவும் உதவுகிறது. கடல்நீர் செலுத்தும் வயல்களில், சவ்வு வடிகட்டிகள் மூலம் சல்பேட்டை முன்பே நீக்கிப் பாக்டீரியாக்களைப் பட்டினி போடுவார்கள். நோய் வந்தபின் மருந்து தேடுவதைவிட வருமுன் காப்பது மலிவு.

நச்சிலிருந்து ரப்பருக்கு

34 கிலோ எச்டூஎஸிலிருந்து 32 கிலோ கந்தகம் கிடைக்கும். அந்த மஞ்சள் நிறக் கந்தகம் குப்பைக்குப் போவதில்லை. முன்பு கந்தகத்தைச் சுரங்கங்களிலிருந்து எடுத்தார்கள். இன்று உலகில் விற்பனையாகும் கந்தகத்தின் பெரும்பகுதி எண்ணெய், எரிவாயுவைச் சுத்தம் செய்யும்போது கிடைப்பதுதான். லாக் வயலின் கந்தகம் பிரான்சைக் கந்தக ஏற்றுமதி நாடாகவே மாற்றியது. இதில் பெரும்பங்கு கந்தக அமிலமாகிறது. அந்த அமிலத்தில் பெரும்பகுதி பாஸ்பேட் உரம் தயாரிக்கப் போகிறது. நாம் உண்ணும் சோற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று சொன்னால் மிகையாகாது.

இன்னொரு தொடர்பு நமக்கு இன்னும் நெருக்கமானது. நம்மில் பலருடைய தாத்தாக்களும் பாட்டிகளும் விடியலில் எழுந்து தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அந்தப் பால் உறைந்து ரப்பரானாலும், அப்படியே டயராக முடியாது. வெயிலில் ஒட்டும், குளிரில் இறுகும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால்தான் ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே பாலங்கள் உருவாகி அது உறுதியும் நெகிழ்வும் பெறும். 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த முறை இது. மருத்துவர்கள் அணியும் ரப்பர் கையுறையிலும் கந்தகம் இருக்கிறது.

நம் வட்டாரத்தில்

எச்டூஎஸ் தூர தேசத்துச் சிக்கல் மட்டுமில்லை. சரவாக்கின் பிந்துலு கடற்கரையிலிருந்து சுமார் 220 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ரோஸ்மாரி, மர்ஜோரம் ஆகிய வயல்களில் இருப்பது புளிப்பு வாயு. அவற்றை மேம்படுத்தும் முதலீட்டு முடிவு 2022 செப்டம்பரில் எடுக்கப்பட்டது. கடலுக்கு அடியில் நீண்ட குழாய்வழி, கரையில் வாயு ஆலை என்று அமைந்த திட்டம் அது. எளிதில் கிடைக்கும் இனிப்பு வாயு குறையக் குறைய, புளிப்பு வாயுவைக் கையாளத் தெரிந்தவர்களின் தேவை கூடுகிறது.

எண்ணெய்க் கிணற்றுக்கு வெளியேயும் இந்த வாயு காத்திருக்கிறது. கழிவுநீர்க் குழிகள், சாக்கடைகள், செம்பனை ஆலைகளின் கழிவுக் குளங்கள், சேறு படிந்த தொட்டிகள் என ஆக்சிஜன் இல்லாமல் கழிவு அழுகும் இடங்களில் எல்லாம் அதே பாக்டீரியாக்கள் வேலை செய்கின்றன. 2024 மே மாதம் சிங்கப்பூரின் சுவா சூ காங் நீர் ஆலையில் தொட்டியைச் சுத்தம் செய்தபோது ஹைட்ரஜன் சல்பைடைச் சுவாசித்த ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். மேலும் இருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

இத்தகைய விபத்துகளில் அடிக்கடி நடக்கும் ஒரு கொடுமை உண்டு. குழிக்குள் ஒருவர் மயங்கி விழுகிறார். பதறிப்போய் நண்பர் இறங்குகிறார், அவரும் விழுகிறார். காப்பாற்றப் போனவர்களே அடுத்தடுத்துப் பலியாகிறார்கள். ஆகவே களத்தில் பணிபுரிவோருக்குச் சொல்லித்தரும் முதல் பாடமே, 'உடனே உதவிக்கு ஓடாதே' என்பதுதான். கேட்கக் கல்நெஞ்சம்போல் தோன்றும். ஆனால் சுவாசக் கருவி அணியாமல் போனால், மீட்க வேண்டியவர் எண்ணிக்கை ஒன்றிலிருந்து இரண்டாகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்கள் நினைவில் வைக்க வேண்டியவை:

● மூடிய குழி, தொட்டி, கிணறு ஆகியவற்றில் வாயுவை அளக்காமல் யாரும் இறங்கக் கூடாது.
● அழுகிய முட்டை நாற்றம் வந்து சட்டென்று மறைந்தால், ஆபத்து கூடியிருக்கலாம் என்று எண்ணுங்கள்.
● உடனே விலகுங்கள். காற்றுக்குக் குறுக்காக நகர்ந்து, பின் காற்று வரும் திசையை நோக்கி, மேடான இடத்துக்குச் செல்லுங்கள். வாயு பள்ளத்தில் தேங்கும்.
● ஒருவர் விழுந்து கிடந்தால் உள்ளே இறங்காதீர்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை அழையுங்கள்.

கிணற்றுத் தளங்களில் ஒவ்வொரு தொழிலாளியும் சட்டையில் சிறிய உணர்கருவி ஒன்றை மாட்டியிருப்பார். 10 பிபிஎம் அல்லது அதற்கும் குறைந்த அளவிலேயே அது அலறும். தளத்தின் உயரத்தில் காற்றின் திசையைக் காட்டும் துணிப்பை பறந்துகொண்டிருக்கும். தப்பியோட வேண்டிய திசையை அதைப் பார்த்தே முடிவு செய்வார்கள். இவை எல்லாம் மூக்கை நம்ப முடியாது என்ற ஒற்றை உண்மையிலிருந்து பிறந்தவை.

இத்துறைக்குள் நுழைய விரும்பினால்

வேதிப் பொறியியல், பெட்ரோலியப் பொறியியல், உலோகவியல், தொழிலிடப் பாதுகாப்பு ஆகிய நான்கு வழிகளிலும் இத்துறைக்கு வரலாம். மலேசியாவில் பேராக், ஸ்ரீ இஸ்கண்டாரில் உள்ள பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஜோகூரில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இதற்குரிய பட்டப்படிப்புகள் உள்ளன. பட்டம் மட்டுமே வழி என்று எண்ண வேண்டாம். ஆலையை இயக்கும் தொழில்நுட்பர்களுக்குத் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் உள்ள இன்ஸ்தெப் பயிற்சி அளிக்கிறது. சிங்கப்பூரில் தேசியப் பல்கலைக்கழகத்திலும் சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் வேதிப் பொறியியல் படிக்கலாம். மூடிய இடங்களில் வாயுவைச் சோதிக்கும் அனுமதி பெற்றவராக விரும்புவோருக்கு, மலேசியாவின் நியோஷ் நிறுவனம் தனிப் பயிற்சி நடத்துகிறது.

எந்த வழியில் போனாலும் அடிப்படை, இப்போது உங்கள் மேசை மேல் இருக்கும் வேதியியல் புத்தகம்தான். காவ்சியாவ் கிணற்றில் அந்த இரவு புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்படவில்லை. சேற்றை நிரப்புவது, வால்வைக் கழற்றாமல் இருப்பது, தீ வைக்க வேண்டிய நேரத்தில் தீ வைப்பது என எல்லாமே தெரிந்த விஷயங்கள். தெரிந்ததைச் செய்யாமல் விட்டதால் 243 பேர் விடியலைப் பார்க்கவில்லை. நாளை உங்களில் ஒருவர் இப்படியொரு கிணற்றடியில் இரவுப் பணியில் நிற்கக்கூடும். அந்த இரவில், "இது ஒன்றை மட்டும் விட்டுவிட்டால் வேலை சீக்கிரம் முடியும்" என்று யாராவது சொன்னால், பள்ளத்தாக்கில் உறங்கிக்கொண்டிருப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.